வீணிலே வழங்குவது என்றால் என்ன? – கேள்வி பதில்

போன வாரம் ஜெபக்கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி, "ஐயா, 'ஓ மை காட்'னு சொன்னா பாவமா?" என்று கேட்டான். நான் பதிலை முடிப்பதற்குள் நாலு பேர் நாலு கேள்வி கேட்டுவிட்டார்கள். எழுதி அனுப்புங்கள், பொறுமையாகச் சொல்கிறேன் என்றேன். அனுப்பியிருக்கிறீர்கள். நான் போதகர் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் பல வருஷம் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுத்த ஆள், அவ்வளவுதான். வசனங்கள் பழைய திருப்புதலிலிருந்து, அதாவது பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து.

ஐயா, பத்துக் கட்டளையில் "உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக" என்று மனப்பாடமாகச் சொல்கிறோம். உண்மையில் அதற்கு என்ன அர்த்தம்? – ஒரு சிஸ்டர்

இதே கேள்வியை என் வகுப்பில் ஒரு சின்னப் பையன் வேறு மாதிரி கேட்டான்: "சார், பேரை யாருக்கு வழங்கக் கூடாது? ரேஷன் கடையில வழங்குற மாதிரியா?" சிரித்துவிட்டேன். ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி. பழைய தமிழில் வழங்குதல் என்றால் சொல்லிப் பழகுதல், பயன்படுத்துதல் என்றும் பொருள் உண்டு. "பேச்சு வழக்கு" என்கிறோமே, அந்த வழக்குதான்.

எபிரெயத்தில் யாத்திராகமம் 20:7-இல் இருக்கும் வினைச்சொல் "நாசா". தூக்குவது, சுமப்பது என்று அர்த்தம். 28-ஆம் அதிகாரத்தில் ஆரோன் இஸ்ரவேல் கோத்திரங்களின் பெயர்களைக் கல்லில் வெட்டித் தன் தோள்மேல் சுமக்கிறானே, அங்கேயும் இதே வினைச்சொல்தான். "வீண்" என்பதற்கு இருக்கும் சொல் "ஷாவ்": வெறுமை, பொய். உபாகமம் 5:20-இல் பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற இடத்திலும் இந்த "ஷாவ்" வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றுமில்லாத காரியத்துக்கோ பொய்க்கோ கர்த்தருடைய பெயரைத் தூக்கிக்கொண்டு போகாதே என்கிறது கட்டளை. வகுப்பில் நான் சொல்வது, அவர் பார்க்காத தாளில் அவர் கையெழுத்தை நீ போடாதே. கெட்ட வார்த்தை விஷயம் இதில் ஒரு ஓரம்தான்.

இது இரண்டாம் கட்டளையா, மூன்றாம் கட்டளையா? என் மனைவி ஆர்.சி. வீட்டில் தினமும் சண்டை. – ஒரு பிரதர்

இரண்டு பேரும் ஜெயித்துவிட்டீர்கள். கத்தோலிக்கர்களும் லூத்தரன் சபையாரும் பழங்காலத்துச் சபைப் பிதா அகுஸ்தீன் வழியில் எண்ணுவதால் அவர்களுக்கு இது இரண்டாவது. தென்னிந்திய திருச்சபை போன்ற மற்றவர்கள் விக்கிரகம் பற்றிய கட்டளையைத் தனியாக எண்ணுவதால் மூன்றாவது. கடைசியில் இச்சை பற்றியதை அவர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள், நாம் பிரிப்பதில்லை. எப்படியும் பத்துதான் வரும். சண்டையை நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள்.

சரி ஐயா, என் "ஓ மை காட்" என்ன ஆச்சு? "ஐயோ ஆண்டவரே" என்று சொல்லலாமா? – டீக்கடைத் தம்பி

கால் கட்டைவிரல் கதவில் இடிக்கும்போது "ஐயோ ஆண்டவரே" என்று வருவது கூப்பிடுதல். சங்கீதப் புஸ்தகத்தில் பாதி அந்தக் கூப்பாடுதான். சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் 1529-இல் எழுதிய சிறு ஞானோபதேசம் என்ற கேள்வி பதில் புத்தகத்தில் இந்தக் கட்டளைக்கு விளக்கம் சொல்லும்போது, அவர் பெயரால் சபிக்காதே, பொய் சொல்லாதே, மந்திரம் பண்ணாதே என்று சொன்ன கையோடு, எல்லா இக்கட்டிலும் அந்தப் பெயரைக் கூப்பிடு என்றும் சொல்கிறார். பயந்துபோய்ப் பெயரே சொல்லாமல் இருப்பதை அவர் கேட்கவில்லை.

"ஓ மை காட், பிரியாணி செம" என்பது கூப்பிடுதல் இல்லை. அங்கே பெயருக்கு ஆள் இல்லை, வெறும் சத்தம். விட்டுவிட்டால் நல்லது. அதற்காக உன் கூடப் படிக்கிற பிள்ளையை நடுரோட்டில் நிறுத்திக் கண்டிக்காதே.

அதே சமயம் நம்மையும் பார்க்க வேண்டும். ஒரு கூட்டத்தில் ஒருவர் ஜெபிக்கும்போது எண்ணிப் பார்த்தேன் (என் தப்புதான், நானும் ஜெபித்திருக்க வேண்டும்). 3 நிமிடத்தில் 38 "ஆண்டவரே". அடுத்த வாக்கியம் யோசிக்க நேரம் வேண்டும்போதெல்லாம் ஒரு "ஆண்டவரே", ஒரு "ஸ்தோத்திரம்". "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று இயேசு சொன்னது ஜெபிக்கிறவர்களைப் பார்த்துத்தான்.

ஒரு நிலத் தகராறில் நான் சாட்சி. கூண்டில் சத்தியம் பண்ணச் சொல்வார்கள். மத்தேயு 5:34 "பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்" என்கிறதே? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

சபைகளே இதில் இரண்டாகப் பிரிந்திருக்கின்றன, சார். குவேக்கர்களும் மென்னோனைட்டுகளும் அந்த வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டு எந்த ஆணையும் இடமாட்டார்கள். அதற்காகச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. கத்தோலிக்கரும் நம்மைப் போன்ற பெரும்பாலான சபைகளும், நீதிமன்றம் கேட்கும் ஆணையை அனுமதிக்கிறார்கள். பிரதான ஆசாரியன் ஜீவனுள்ள தேவன்பேரில் ஆணையிட்டுக் கேட்டபோது இயேசு பதில் சொன்னார். பவுல் 2 கொரிந்தியர் 1:23-இல் தேவனையே சாட்சியாகக் கூப்பிடுகிறார்.

அப்படியானால் நீங்கள் சொன்ன வசனம் இருக்கும் மலைப்பிரசங்கத்தில் என்ன தடை? அன்று சிலர் வானத்தின்பேரில், எருசலேமின்பேரில், தன் தலையின்பேரில் என்று தரம் பிரித்து ஆணையிட்டார்கள். எதில் தப்பிக்கலாம் என்ற கணக்கு. நம் ஊரில் "அம்மா மேல சத்தியமா" என்பான், "பைபிளைத் தொட்டுச் சொல்லு" என்றால் மட்டும் கையை இழுத்துக்கொள்வான். பைபிளைத் தொடாவிட்டால் பொய் சொல்லலாம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. உள்ளதை உள்ளதென்று சொல்லு என்று இயேசு வெட்டியது அந்தக் கணக்கைத்தான்.

உங்கள் மனசாட்சி இடறினால் வழி இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் ஆணைகள் சட்டப்படி, கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உறுதிமொழி கூறலாம். சட்டத்தில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. பதவியேற்பு விழாவில் சிலர் "கடவுளறிய" என்றும் சிலர் "உளமார" என்றும் சொல்வதைக் கேட்டிருப்பீர்களே, அதே மாதிரி. எதைச் சொன்னாலும் அந்த வேலிக்கல் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் சபை என்பதற்காக இரண்டடி தள்ளி வைத்தீர்களானால், "உளமார" உங்களைக் காப்பாற்றாது.

என் பெயர் வேண்டாம், ஐயா. எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் ஒரு அண்ணன், "கர்த்தர் உன்னை எனக்குக் காட்டினார்" என்கிறார். எனக்கு விருப்பமில்லை. மறுத்தால் கர்த்தரை மறுத்த மாதிரி ஆகிவிடுமா?

ஆகாது, மகளே. இந்த ஒரு கேள்விக்காகவே மற்றக் கேள்விகளையும் எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்.

அந்தத் தம்பிக்கு உன்னைப் பிடித்திருக்கிறது. அதில் தப்பே இல்லை. "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, வீட்டில் பேசட்டுமா?" என்று கேட்டிருந்தால் நீ "வேண்டாம் அண்ணா" என்று சொல்லியிருப்பாய், முடிந்தது. அந்த "வேண்டாம்" வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கர்த்தருடைய பெயரை முன்னால் நிறுத்துகிறார். தன் ஆசைக்கு அவர் கையெழுத்து. எரேமியா 23-ஐ வாசித்துப் பார். "சொப்பனங்கண்டேன், சொப்பனங்கண்டேன்" என்று அவர் நாமத்தைச் சொல்லிப் பொய் உரைக்கிறவர்கள்மேல் எவ்வளவு கோபம் என்று தெரியும்.

பவுலைப் பார். அப்போஸ்தலன். கல்யாணம் பற்றி எழுதும்போது, 1 கொரிந்தியர் 7-இல், ஓரிடத்தில் "நானல்ல, கர்த்தரே" என்கிறார். இரண்டு வசனம் தள்ளி, "கர்த்தர் அல்ல, நானே சொல்லுகிறதாவது" என்கிறார். தன் கருத்து எது, கர்த்தர் வார்த்தை எது என்று அவரே கோடு போட்டுக் காட்டுகிறார். வாலிபர் ஐக்கியத்து அண்ணனுக்கு அந்தக் கோடு வேண்டாமா?

தீர்க்கதரிசனமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதை அற்பமாய் எண்ண வேண்டாம் என்று பவுல் சொன்ன அதே இடத்தில், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்றும் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்குச் சர்க்கரை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் தலையில் கைவைத்து, "மாத்திரையை நிறுத்து என்று ஆண்டவர் சொல்லுகிறார்" என்றார். அக்கா நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரம் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம், காலில் புண், பேச்சு குழறல். பிழைத்துக்கொண்டார். சொன்னவரை யாராவது கேட்டார்களா? அக்காவுக்கு விசுவாசம் பத்தவில்லை என்றுதான் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் கட்டளை உடைவதை நேரில் பார்த்தது எப்போது என்று கேட்டால், நான் அந்த ஆட்டோவைத்தான் சொல்வேன்.

நீ "எனக்கு விருப்பமில்லை" என்று மட்டும் சொல். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மறுபடியும் வந்தால் ஆயர் அம்மாவிடமோ உன் வீட்டிலோ சொல்லிவிடு.

யெகோவா, யாவே: எது சரி? சொல்லலாமா? – ஒரு பாடகர் குழுத் தம்பி

எபிரெயத்தில் கடவுளுடைய அந்தப் பெயருக்கு நான்கு மெய்யெழுத்துகள் மட்டுமே. யூதர்கள் பயபக்தியால் அதை உச்சரிக்காமல் "அதோனாய்", அதாவது ஆண்டவர் என்று வாசித்தார்கள். பிற்காலத்தில் அந்த மெய்யெழுத்துகளோடு அதோனாயின் உயிர்க்குறிகளைச் சேர்த்து எழுதியதை அப்படியே வாசித்ததில் வந்ததுதான் "யெகோவா". "யாவே" என்பது அறிஞர்கள் ஊகித்த பழைய உச்சரிப்பு. நம் பழைய திருப்புதல் பெரும்பாலும் "கர்த்தர்" என்று போட்டு, யாத்திராகமம் 6:3, சங்கீதம் 83:18 போன்ற சில இடங்களில் "யேகோவா" என்று விட்டிருக்கிறது. 2008-இல் வத்திக்கான், வழிபாட்டிலும் பாடல்களிலும் "யாவே" வேண்டாம் என்று கடிதம் அனுப்பியது. நமக்கு அப்படித் தடை இல்லை. ஆனால் கீபோர்டு வாசிக்கிற நீ இதைத் தெரிந்துகொள்: "அல்லேலூயா"வின் கடைசியில் இருக்கும் "யா" அந்தப் பெயரின் சுருக்கம்தான். மைக் டெஸ்டிங்குக்கு "ஒன், டூ, த்ரீ" போதும்.

சினிமா காமெடியில் "அல்லேலூயா" என்று கிண்டல் பண்ணுகிறார்கள். கேஸ் போட வேண்டாமா? – கோபமாக ஒரு பிரதர்

எனக்கும் பிடிக்காது. ஆனால் கட்டளை யாருக்குக் கொடுக்கப்பட்டது? எகிப்திலிருந்து வெளியே வந்து, அந்தப் பெயரைத் தரித்துக்கொண்ட ஜனத்துக்கு. பார்வோனுக்கு இல்லை. அப்புறம், புதிய ஏற்பாட்டில் தேவதூஷணக் குற்றம் சுமத்திக் கொல்லப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள்: இயேசு, பிறகு ஸ்தேவான். அந்தக் குற்றச்சாட்டைக் கையில் எடுக்க நமக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்க வேண்டும். "தேவனுடைய நாமம் புறஜாதிகளுக்குள்ளே உங்கள் மூலமாய்த் தூஷிக்கப்படுகிறதே" என்று ரோமர் 2:24 சொல்கிறது. உங்கள் மூலமாய்.

கடைக்கு "யேகோவாயீரே" (கர்த்தர் பார்த்துக்கொள்வார்) என்று பெயர் வைக்கலாமா? – மளிகைக் கடை ஆரம்பிக்கப்போகிறவர்

வையுங்கள். தராசைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீதிமொழிகள் 30:9-இல் ஆகூர் என்பவர், வறுமையில் திருடி "என் தேவனுடைய நாமத்தை வீணிலே வழங்காதபடிக்கும்" என்று ஜெபிக்கிறார். திருட்டையும் நாமத்தையும் அவர் முடிச்சுப் போட்டுவிட்டார். உங்கள் கடையில் 50 கிராம் குறைந்தால் வாடிக்கையாளர் உங்கள் பெயரைச் சொல்லித் திட்டமாட்டார், போர்டில் இருக்கும் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்.

ஜெபிக்கும்போது கடவுளைப் பற்றி அசிங்கமான எண்ணங்கள் தானாக வருகின்றன. மன்னிப்பில்லாத பாவம் செய்துவிட்டேனா? இரவில் தூக்கமில்லை. – பெயர் இல்லாமல்

இல்லை, செய்யவில்லை. நீங்கள் வழங்கவில்லை, அது வருகிறது. இரண்டும் வேறு. மாற்கு 3-இல் இயேசு அந்த எச்சரிப்பைக் கொடுத்தது, கண் முன்னால் நடந்த நன்மையைப் பார்த்தே பிசாசின் வேலை என்று துணிந்து சொன்னவர்களுக்கு. அவர்கள் தூக்கமில்லாமல் அழவில்லை. பவுல் தன்னையே "தூஷிக்கிறவன்" என்று எழுதினார், இரக்கம் பெற்றார். இப்படித் திரும்பத் திரும்ப வரும் எண்ணங்களை மனநல மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஓ.சி.டி. என்ற மனநலப் பிரச்சினையின் ஒரு வகையாகவும் இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். ஜெபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், கூட வருகிறேன்.

கடைசியாக ஒன்று. மெசேஜ் முடிவில் "காட் பிளஸ் யூ", "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று போடுவது தப்பா? – டீக்கடைத் தம்பி, மறுபடியும்

நீ விடமாட்டாய். தப்பில்லை. ஆனால் போன மாதம் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நண்பருக்கு "ஜெபிக்கிறேன்" என்று அனுப்பிவிட்டு நான் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டேன். டிஸ்சார்ஜ் ஆகி வந்தவர், "உங்க ஜெபம்தான் அண்ணாச்சி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இப்போது அந்த வார்த்தையை டைப் செய்வதற்கு முன்னால் ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதி வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்கிறேன். இன்றைக்கு அதில் ஏழு பெயர் இருக்கிறது. இரண்டு பெயர் இன்னும் பாக்கி.