‘நிரூபிக்கப்பட்ட பாதுகாப்பு’ என்றால் எது நிரூபிக்கப்பட்டது?

கேள்வி: எங்கள் கூட்டுறவு வங்கியின் இரு அலுவலகங்களுக்கு இடையே குவாண்டம் சாவிப் பகிர்வு (செய்திகளைப் பூட்டும் இரகசியச் சாவியை ஒளித்துகள்கள் வழியே இரு முனைகளிலும் உண்டாக்கும் முறை) அமைத்துத் தருவதாக ஒரு தரகர் விலை கூறியிருக்கிறார். இது உடைக்க முடியாதென நிரூபிக்கப்பட்டது என்றும், பிழை விகிதம், அதாவது இரு முனைகளிலும் கிடைத்த பிட்டுகளில் பொருந்தாதவற்றின் பங்கு, 11 விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலையே வேண்டாம் என்றும் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: 11 விழுக்காடு என்பது பொய்யல்ல. ஆய்வாளர்கள் பென்னட்டும் பிராசாரும் 1984-இல் பெங்களூரு மாநாட்டில் முன்வைத்த சாவிப் பகிர்வு முறையில், ஒட்டுக்கேட்பவர் ஒவ்வொரு ஃபோட்டானையும் (ஒளித்துகளையும்) வழிமறித்து அளந்து, கண்டதை மறுபடி அனுப்பினால், ஏறத்தாழ 25 விழுக்காடு பிழை தோன்றி அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இதைவிட நுட்பமான தாக்குதல்களையும் கணக்கில் கொண்டு, பிழை 11 விழுக்காட்டை எட்டும்வரை இரகசியச் சாவி பெற முடியும் என்று 2000-இல் ஷோரும் பிரெஸ்கிலும் நிறுவினர்.

ஆனால் அந்த நிரூபணம் காகிதத்தில் உள்ள கருவிக்கானது. தரகர் விற்பதோ இரும்புப் பெட்டி. பெட்டியில் உள்ள உணர்கருவியின் மீது வலுவான ஒளியைப் பாய்ச்சினால், அது தனி ஃபோட்டானை உணரும் திறனை இழந்து, தாக்குபவர் விரும்பும்போது மட்டும் ‘கிளிக்’ செய்யும். 2010-இல் நார்வேயின் டிரோன்ஹைம் ஆய்வாளர்களும் ஜெர்மானிய ஆய்வாளர்களும் சந்தையில் விற்ற இரு கருவிகளை இவ்வாறே ஏமாற்ற முடியும் என்று காட்டினர். இத்தகைய தாக்குதலில் பிழை விகிதம் உயர்வதே இல்லை என்பதால், தரகர் காட்டும் எண் உங்களுக்கு எந்த எச்சரிக்கையும் தராது.

இன்னொன்றை அவர் சொல்லியிருக்கவே மாட்டார். எதிர்முனையில் இருப்பது உங்கள் கிளைதானா என்று உறுதிசெய்ய, இரு முனைகளிலும் முன்கூட்டியே ஒரு சிறு இரகசியச் சாவி இருந்தாக வேண்டும். அதை ஆள்வழி கொண்டுபோய்த்தான் வைக்க வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. முதல் முறை மட்டும் டிஜிட்டல் கையொப்பத்தால் அடையாளத்தை உறுதிசெய்யலாம். அந்தக் கையொப்பம் பத்தாண்டு கழித்து உடைபட்டாலும், அன்று பெற்ற சாவிகள் பாதுகாப்பாகவே இருக்கும். ஆனால் சாவி பரிமாறும் அந்த நேரத்திலேயே உடைபட்டிருந்தால், அந்தச் சாவியும் அதை நம்பிப் பின்னர் உண்டாக்கிய சாவிகளும் வீண்தான்.

நான் பார்த்த ஒப்பந்தப்புள்ளிப் படிவம் ஒன்றில் ‘பாதுகாப்பு நிரூபிக்கப்பட்டதா: ஆம்/இல்லை’ என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. எல்லோரும் ‘ஆம்’ என்றே எழுதுவார்கள் என்பது தெரிந்தும் அதை மாற்ற ஆளில்லை. நீங்கள் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு, நிரூபணத்தின் அனுமானங்கள் எவை, இந்தப் பெட்டி அவற்றுள் எவற்றை நிறைவேற்றுகிறது என்று சோதித்தவர் யார் என்பதை எழுத்தில் கேளுங்கள். தரகர் தயங்கினால், அதே இரு கேள்விகளையும் தயாரிப்பாளருக்கு நேரடியாக அனுப்புங்கள்; பதில் வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.