ஜெலட்டின் சாப்பிடாதவர்கள் பாக்கெட் தின்பண்டத்தில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

உங்களுடையது முட்டை வாசனைகூட ஆகாத வீடு என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் வீடு அப்படித்தான். ஜெலட்டின் என்பது விலங்கிலிருந்து எடுத்து, மிட்டாய் ஜவ்வாக வருவதற்காகச் சேர்ப்பது.

இந்தியாவில் விற்கிற பாக்கெட் என்றால் பெரிய வேலை இல்லை. பச்சைக் கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் உள்ளே ஜெலட்டின் இருக்கக் கூடாது என்பது சட்டம். பழுப்புக் கட்டத்துக்குள் முக்கோணம் என்றால் அசைவம், வைத்துவிட்டு நகரலாம். வம்பெல்லாம் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வருகிற மிட்டாயில்தான்.

என் நாத்தனார் சிங்கப்பூரில் இருக்கிறார். போன தடவை கரடிக்குட்டி வடிவத்தில் ஜவ்வு ஜவ்வாக ஒரு மிட்டாய் கொண்டுவந்தார். நான் பாக்கெட்டைத் திருப்பியதுமே, "ஹலால் போட்டிருக்கு அண்ணி, பன்றி கிடையாது, பயப்படாதீங்க" என்றார். மாமியாருக்குப் பாதிப் பல் இல்லை. மெத்தென்று இருக்கவும் நாலைந்து சாப்பிட்டுவிட்டார். ராத்திரி என் பெண் எழுத்துக்கூட்டிப் படித்தாள்: போவைன் ஜெலட்டின். போவைன் என்றால் மாடு. தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. வெள்ளிக்கிழமை தவறாமல் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்கிற மனுஷி அவர்!

ஹலாலைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பன்றி இல்லை, மாடு என்றால் முறைப்படி அறுத்தது என்பதற்குத்தான் அந்த முத்திரை. சைவம் என்று அது சொல்லவே இல்லை. படிக்காமல் கொடுத்தது எங்கள் தப்பு. ஆனால் இதை நாத்தனாரிடம் சொன்னால், ஆசையாகக் கொண்டுவந்ததில் குறை கண்டுபிடிக்கிறேன் என்பார்கள். அவர் ஊர் திரும்பும்போது ஐந்து கிலோ சாம்பார் பொடி அரைத்து, மொட்டை மாடியில் வடகம் காயவைத்துக் கட்டிக் கொடுத்தது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜெல்லி, மார்ஷ்மெல்லோ, ஜவ்வு மிட்டாய் எதுவானாலும் பொருள் பட்டியலில் ஜெலட்டின் என்ற சொல்லைத் தேடுங்கள். சிலதில் பெயருக்குப் பதிலாக, சேர்பொருள்களுக்குக் கொடுக்கிற எண்களில் 441 என்ற பழைய எண் இருக்கும். 406 என்றால் அகர் அகர், கடற்பாசியில் எடுப்பது. 440 பெக்டின், பழத்திலிருந்து வருவது. இரண்டும் நமக்கு ஆகும். விலை ஸ்டிக்கரைப் பட்டியல் மேலேயே ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

"கேப்ஸ்யூல் மாத்திரை உறையும் ஜெலட்டின்தானே, அதை முழுங்கவில்லையா?" என்று ஒருவர் வருவார். பெரும்பாலும் ஜெலட்டின்தான், முழுங்கத்தான் செய்கிறோம். மருந்துக்கு என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடிகிறது, மிட்டாய்க்கு முடியவில்லை.

மாமியாரிடம் இன்றுவரை சொல்லவில்லை. நேற்றுகூட, "அந்தக் கரடி மிட்டாய் இருக்காடி?" என்று கேட்டார். எறும்பு வந்துவிட்டது, கொட்டிவிட்டேன் என்றேன்.