அயர்லாந்தில் கூட்டம் மொய்க்காத, பழமை மிச்சமிருக்கும் சின்ன கிராமம் ஒன்று சொல்ல முடியுமா?

காங். மேயோ மாவட்டத்தின் தெற்கு எல்லையில், கால்வே நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கூட்டமே இருக்காது என்று மட்டும் சொல்ல மாட்டேன். 1951இல் ஜான் வேய்ன் நடித்த ஒரு ஹாலிவுட் படத்தை இங்கேதான் எடுத்தார்கள். அதற்காகவே இன்னும் பேருந்தில் வந்து இறங்குகிறார்கள். கதாநாயகியை அவர் தூக்கிக்கொண்டு நிற்கிற சிலையோடு ஒரு புகைப்படம், ஒரு தேநீர், அவ்வளவுதான், கிளம்பிவிடுவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் திரும்பி வந்தேன்.

இரண்டாவது தடவை மடத்துக்குப் பின்னால் ஆற்றோரமாக நடந்தேன். 12ஆம் நூற்றாண்டு மடம் அது. அயர்லாந்தின் கடைசிப் பேரரசர் என்று சொல்லப்படும் ரோரி ஓ'கானர் கடைசி நாட்களை இங்கே கழித்து 1198இல் இறந்தார். அவருடைய அப்பா 1123இல் செய்வித்த காங் சிலுவை இப்போது டப்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது இதெல்லாம் இல்லை, ஆற்றின் மேலேயே கல் மேடை போட்டுக் கட்டியிருக்கும் துறவிகளின் மீன்பிடி வீடு. ஒரே ஒரு அறை, கூரை போய்விட்டது. குளிர்காய ஒரு கணப்பு, தரையில் ஒரு துவாரம். குனிந்து பார்த்தால் கீழே ஆறு ஓடுகிறது. வலையை அதன் வழியாக இறக்கிவிட்டுக் கணப்பின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். மீன் விழுந்ததும் கயிற்றை இழுப்பார்களாம், மடத்துச் சமையலறையில் மணி அடிக்குமாம். கயிற்றுக் கதை உண்மையோ பொய்யோ, துவாரம் உண்மை.

ஆனால் நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது வறண்ட கால்வாய். மாஸ்க், காரிப் என்ற இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது ஊர். காங் என்ற பெயருக்கே அதுதான் பொருள். மேலே இருக்கும் மாஸ்க் ஏரியின் தண்ணீர் பூமிக்கு அடியில் ஓடி ஊருக்குள் ஊற்றாகக் கிளம்புகிறது. அத்தனையும் சுண்ணாம்புக்கல், சல்லடை மாதிரி ஓட்டை. அப்படிப்பட்ட நிலத்தில், உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்தில், 1848இல், படகு போகக் கால்வாய் வெட்ட ஆரம்பித்தார்கள். பட்டினி கிடந்த சனங்களுக்கு அதனால் கூலி வேலை கிடைத்தது. 1854இல் படகுப் போக்குவரத்துக்கான வேலையை நிறுத்திவிட்டார்கள்.

திறப்பு விழா நடத்தித் தண்ணீரை விட்டதும் அத்தனையும் மண்ணுக்குள் போய்விட்டது என்று கேலியாக ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேலையே முழுசாக முடியவில்லை, அப்புறம் எங்கே திறப்பு விழா? செலவு எகிறியது, ரயில் பாதைகள் வந்துகொண்டிருந்தன, நிலமும் ஒத்துழைக்கவில்லை.

படகை ஏற்றி இறக்கக் கட்டிய லாக்குக்குள் இறங்கி நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் செதுக்கிய கல் சுவர். ஒரு படகுகூட உரசாததால் விளிம்பு அப்படியே கூராக இருக்கிறது, விரலை வைத்தால் தெரியும். காலடியில் புல்.

கோடையில் போங்கள். குளிர்காலத்தில் மழை கொட்டி உள்ளே தண்ணீர் நின்றுவிடும், பார்க்க ஒழுங்கான கால்வாய் மாதிரியே இருக்கும்.