தோற்ற அணியின் பயிற்சியாளர்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியர். 1956-இல் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி பத்து ஆட்டங்களில் எட்டில் தோற்றது. ஆனாலும் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் பரிசு அந்த அணியின் பால் ஹோர்னங்குக்கே கிடைத்தது. இது நியாயமா? தோல்வியே வெற்றிக்கு முதல் படி என்று இதை மாணவர்களிடம் சொல்லலாமா? எங்கள் அணியும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறது. நிர்வாகம் வேறு ஆள் தேடுவதாகக் கேள்வி.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சொல்லாதீர்கள். தோற்றுவிட்டு வந்து ஷூ கயிற்றை அவிழ்க்கும் பையனிடம் நாட்காட்டித்தாள் வாசகத்தை ஒப்பிப்பது கொடுமை. அவனுக்கு வயிறாரச் சோறு வாங்கிக் கொடுங்கள்.

ஹோர்னங் கெட்டிக்காரர். ஓட்டம், வீச்சு, உதை, புள்ளிகள் என எல்லாவற்றிலும் அணியில் அவர்தான் முதல். அவர் வீசியதில் 13 பந்துகளை எதிரணி பிடித்துக்கொண்டது. அதுவும் உண்மை. இருக்கட்டும்.

நானும் சில நாட்களாக அந்த அணியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் மனத்தை அரிப்பது அதன் பயிற்சியாளர் டெர்ரி பிரென்னன். நான்கு முறை தேசிய சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த ஃபிராங்க் லேஹியின் நாற்காலியில் 1954-இல் அவரை உட்கார வைத்தபோது வயது 25. ஒரு பக்கம் விளையாட்டு உதவித்தொகைகளைக் குறைத்தார்கள். மறுபக்கம் பழையபடி ஜெயிக்க வேண்டும் என்றார்கள். தீனியைக் குறைத்துவிட்டுப் பாலுக்குச் சொம்பை நீட்டுகிறவர்களை என்ன சொல்ல? முதல் இரண்டு ஆண்டுகளில் அவர் 17 ஆட்டங்களை வென்று கொடுத்திருந்தார். 1956 வந்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று.

அந்த ஆண்டு ஒக்லஹோமா பல்கலைக்கழக அணி நோட்ர டாமை அதன் சொந்த மைதானத்திலேயே 40-0 என்று நசுக்கியது. 1957 நவம்பரில் பிரென்னன் ஒக்லஹோமாவின் மைதானத்துக்கே அணியை அழைத்துப் போனார். 47 ஆட்டங்களாகத் தோல்வியே அறியாத அணி அது. ஆட்டம் முடிய நான்கு நிமிடம்கூட இல்லை. நான்காவது, அதாவது கடைசி முயற்சி; எல்லைக்கோட்டுக்கு மூன்று கெஜம் பாக்கி. எதிரணி நடுவில் குவிந்து நிற்க, நோட்ர டாமின் டிக் லிஞ்ச் பந்தை வாங்கி வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஓடி உள்ளே போய்விட்டார். 7-0.

அப்படிப்பட்டவரை 1958-இல், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் இருக்கும்போது, வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்து ஆண்டுகளில் 32 வெற்றி, 18 தோல்வி. அடுத்து வந்த ஜோ குஹாரிச் நான்கு ஆண்டுகளில் 17 வென்று 23 தோற்றார். நிர்வாகத்தின் கணக்கு லட்சணம் இது.

முக்கியமான செய்தியைக் கடைசி வரியில் ஒளித்து எழுதுகிறீர்கள், நண்பரே. ஹெய்ஸ்மனை விடுங்கள். பந்துக்கும் பஸ் கட்டணத்துக்கும் நிர்வாகம் இந்த ஆண்டு எவ்வளவு கொடுத்தது என்று எழுதிக் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள்.

பரிசு நியாயமா என்றுதான் கேட்டிருந்தீர்கள் அல்லவா? அந்தப் பரிசுக்கான வாக்கெடுப்பில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் கறுப்பின ஆட்டக்காரர் ஜிம் பிரவுனுக்கு ஐந்தாவது இடம். கறுப்பின ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்தப் பரிசைக் கொடுக்க அவர்களுக்கு 1961 வரை மனம் வரவில்லை. அதைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம்.