புயல் ஓய்ந்த பிறகும் கப்பல்கள் ஏன் துறைமுகத்துக்கு வெளியிலேயே நிற்கின்றன?
ஆழம் பார்க்கும் வேலை முடியாததால்தான். புயல் வெள்ளம் சேற்றையும் மணலையும் கப்பல் வரும் வழியில் கொட்டிவிடும். வழிகாட்டும் மிதவைகள் இடம் மாறும். கன்டெய்னரோ உடைந்த படகோ அடியில் கிடக்கலாம். சிறு படகிலிருந்து ஒலியலையைக் கீழே அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுவார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் புகுந்ததே, அப்படிப்பட்ட தண்ணீரில் கம்பை ஊன்றிப் பார்த்துத்தானே காலை வைப்போம்? அதே கதைதான்.

சரி, நிவாரணக் கப்பல் வந்தால்? சொந்தக் கிரேன் இருந்தால், கரையில் கரண்ட் இல்லாவிட்டாலும் மாலுமிகளே சரக்கை இறக்கிவிடுவார்கள். இது சாதாரண உதவி இல்லை.

காற்று நின்றதும் துறைமுகம் திறந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்று நின்ற பிறகுதான் ஆழம் பார்க்கும் இந்த வேலையே ஆரம்பிக்கிறது.