பந்திச் சண்டையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: காரைக்குடியில் பத்துப் பேர் ஞாயிறு மாலை ஒருவர் வீட்டு முகப்பில் கூடி, ஆதித் திருச்சபை உருவான கதையை, பைபிளில் உள்ள அப்போஸ்தலர் நடபடிகள் (திருத்தூதர் பணிகள்) நூலைப் படிக்கிறோம். பாதிப்பேர் கத்தோலிக்கர், பாதிப்பேர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). பைபிளே இரண்டு விதம். இரண்டாம் அதிகாரத்திலேயே ஐந்து வாரம் ஓடிவிட்டது. அந்நிய பாஷை, ஞானஸ்நானம் என்று பேச்சு வாக்குவாதமாகிறது. எப்படி நடத்துவது?

பதில்: இரண்டு பைபிள் இருப்பது வசதிதான், ஒன்றாக்கப் பார்க்காதீர்கள். 2:42-ஐ இரண்டிலும் சத்தமாக வாசித்துப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் ‘அந்நியோந்நியம்’ என்றிருக்கும். 1995-இல் வந்த திருவிவிலியத்தில் ‘நட்புறவு’. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் கொய்னோனியா. அதன் வேர்ச்சொல்லுக்குப் ‘பொது’ என்று பொருள். இரண்டே வசனம் தள்ளி, அவர்கள் உடைமைகளைப் பொதுவில் வைத்தார்கள் என்று வருகிறது. அதாவது சொத்து, சோறு வரைக்கும் போன உறவு அது. ஒரு மொழிபெயர்ப்பு மட்டும் கையில் இருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இனி, இரண்டாம் அதிகாரத்தை அப்படியே விட்டுவிட்டு ஆறாம் அதிகாரத்துக்குப் போங்கள். ‘அன்றாட விசாரணையில்’ தங்கள் விதவைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று கிரேக்கம் பேசும் யூதர்கள் முணுமுணுக்கிறார்கள். விசாரணை என்றதும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போலீஸ் ஸ்டேஷன் நினைவுக்கு வரும். அடுத்த வசனத்திலேயே ‘பந்திவிசாரணை’ என்று விளக்கம் இருக்கிறது. செட்டிநாட்டில் இதற்கு உரையா வேண்டும்? கல்யாண வீட்டில் இலை இலையாகப் போய் “என்ன வேணும்” என்று கேட்காவிட்டால் எத்தனை வருஷம் பேச்சு நிற்கும் என்பது ஆச்சிகளுக்குத் தெரியும். திருச்சபைக்குள் முளைத்த முதல் பெரிய மனத்தாங்கல் கோட்பாட்டைப் பற்றியதல்ல, சாப்பாட்டைப் பற்றியது.

தீர்வைக் கவனியுங்கள். ஸ்தேவான், பிலிப்பு முதல் நிக்கொலா வரை தேர்ந்தெடுத்த ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. உங்கள் குழு இதை ஒரு மாலை முழுக்கப் பேசட்டும். பிறகு 10, 11, 15 அதிகாரங்கள். யூதரல்லாத கொர்நேலியு வீட்டில் பேதுரு சாப்பிட்டதற்கும் எருசலேமில் கணக்குக் கேட்கிறார்கள். அதுவும் பந்தி விவகாரந்தான். 15-இல் எல்லோரும் கூடி, யூதரல்லாதவர்களுக்கு விருத்தசேதனம் (சுன்னத்து) வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள். அதே அதிகாரத்தின் கடைசியில் பவுலும் பர்னபாவும் மாற்குவை அழைத்துப் போவதா என்று முட்டிக்கொண்டு பிரிகிறார்கள். இதைப் படித்த பின் இரண்டாம் அதிகாரத்துக்குத் திரும்புங்கள், சூடு தணிந்திருக்கும்.

28 அதிகாரத்துக்கு 28 வாரம் வேண்டாம், பன்னிரண்டு போதும். பவுலின் மனமாற்றம் 9, 22, 26 என மூன்று இடத்தில் வருகிறது. ஒரே மாலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். 27-ஆம் அதிகாரத்துக் கப்பற்சேதத்துக்கு விளக்கமே வேண்டாம், நல்ல குரல் உள்ள ஒருவர் ஒரே மூச்சில் வாசித்தால் போதும். பயண அதிகாரங்களுக்குச் சுவரில் ஒரு வரைபடம் மாட்டுங்கள். அந்தியோகியா என்று இரண்டு ஊர் உண்டு, சிரியாவில் ஒன்று, பிசீதியாவில் ஒன்று. குழம்பாத குழுவை நான் பார்த்ததில்லை. பவுல் புது ஊரில் முதலில் யூதர்களின் ஜெப ஆலயத்தைத் தேடிப் போவது ஏன் என்று யாராவது கேட்டால், கொண்டுவிற்கப் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போன செட்டியார்கள் இறங்கியதும் கிட்டங்கியை, அதாவது நம்மவர் தங்கித் தொழில் பார்த்த இடத்தைத் தேடியதைச் சொல்லுங்கள்.

காலக்கணக்குக்கு இரண்டு ஆணி அடித்துக்கொண்டால் போதும்: 12-ஆம் அதிகாரத்தில் சாகும் அரசன் ஏரோது அகிரிப்பா இறந்தது கி.பி. 44, 18-இல் வரும் ரோமானிய ஆளுநர் கல்லியோன் அகாயாவை (தென் கிரேக்கம்) ஆண்டது 51-52 வாக்கில். பின்னது டெல்பியில் கிடைத்த கல்வெட்டால் தெரிந்தது.

நடத்துகிறவர் பிரசங்கம் செய்யக் கூடாது. தேவகோட்டையில் நானே ஒரு குழுவில் முக்கால் மணி நேரம் பேசி, அடுத்த வாரம் பாதிப்பேர் வராமல் போன அனுபவம் உண்டு. அவர் மூன்று கேள்வி மட்டும் கேட்கட்டும்: இங்கே யார் யாரோடு முரண்படுகிறார்கள், யார் முடிவு செய்கிறார்கள், முடிவால் யாருக்கு என்ன மாறியது? “எங்கள் சபைதான் ஆதிச்சபை மாதிரி” என்று யாராவது தொடங்கினால் வசன எண் கேளுங்கள். பவுலின் நிருபங்களிலிருந்து (கடிதங்களிலிருந்து) வசனம் கொண்டு வந்தால் ஒரு தாளில் குறித்துவைத்து, கடைசி வாரம் எடுத்துக்கொள்ளலாம்.

முகப்பில் கூடுகிறீர்களே, 12:13-ஐ அங்கேயே வாசியுங்கள். நள்ளிரவில் பேதுரு வாசற்கதவைத் தட்ட, ரோதை என்ற பெண் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தியை வாசலிலிருந்து இரண்டாங்கட்டு வரை ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். அதுவரை ஒருவர் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கட்டும்.