அமெரிக்கச் சாலையில் யாருடைய வண்டி நிறுத்தப்படுகிறது? கேள்வி பதில்

கேள்வி: ஒரு நகரில் கறுப்பினத்தவர் 20 சதவீதம், காவலர் நிறுத்தும் ஓட்டுநர்களில் 35 சதவீதம் என்றால் பாரபட்சம் உறுதிதானே?

பதில்: உறுதியாகாது. யார், எந்நேரத்தில், ரோந்து மிகுந்த எந்தச் சாலையில், எவ்வளவு தூரம் ஓட்டுகிறார்கள் என்பதை மக்கள்தொகைக் கணக்கு சொல்வதில்லை.

கேள்வி: பிறகு எப்படி அளப்பது?

பதில்: ஆய்வாளர்கள் கிராக்கரும் ரிட்ஜ்வேயும் 2006இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரத் தரவைக் கொண்டு முன்வைத்த முறை எனக்குப் பிடித்தது. மாலை ஏழு மணி கோடையில் வெளிச்சம், குளிர்காலத்தில் இருட்டு. அந்நேரத்தில் சாலையில் செல்வோர் ஏறக்குறைய ஒரே வகையினர் என்று கொண்டால், முகம் தெரியும் வெளிச்சத்தில் மட்டும் கறுப்பின ஓட்டுநரின் பங்கு கூடுவது ஐயத்துக்குரியது. ஓக்லாந்தில் அவர்களுக்குப் பெரிய சான்று கிட்டவில்லை. ஆனால் பல மாநிலங்களின் ஏறத்தாழ 10 கோடி நிறுத்தங்களை ஆராய்ந்து ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இருட்டியபின் அப்பங்கு குறைவது தெரிந்தது. தெருவிளக்கு இம்முறையைக் குழப்பும் என்பதையும் மறக்கலாகாது.

கேள்வி: சோதனையிட்டபோது இரு இனத்தாரிடமும் சம விகிதத்தில் கடத்தல் பொருள் சிக்கினால் பாரபட்சமில்லை அல்லவா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. கறுப்பினத்தவரில் ஐயத்துக்கிடமான இரு சம பிரிவினரிடம் பொருள் இருக்க வாய்ப்பு 20, 60 சதவீதம் என்றும், வெள்ளையரில் 20, 40 சதவீதம் என்றும் கொள்ளுங்கள். காவலர் கறுப்பினத்தவர் அனைவரையும், வெள்ளையரில் 40 சதவீதப் பிரிவினரை மட்டும் சோதித்தால் இருபுறமும் 40 சதவீதமே சிக்கும். அதே 20 சதவீத ஐயத்துக்குரிய வெள்ளையரோ சோதனையின்றிப் போய்விடுவார்.

கேள்வி (அவரே): இவை புனைந்த எண்கள்!

பதில்: புனைந்தவையே. சம விகிதம் போதும் என்ற கூற்றை வீழ்த்த ஓர் எதிர்க்காட்டு போதுமானது. மெய்யான தரவில், எவ்வளவு ஐயம் எழுந்தால் சோதிக்கிறார்கள் என்ற வரம்பையே மதிப்பிட்ட ஸ்டான்போர்டு குழு, கறுப்பினத்தவருக்கும் இலத்தீன் வம்சாவளியினருக்கும் அவ்வரம்பு தாழ்ந்திருப்பதைக் கண்டது.

கேள்வி: வேறு நோக்கத்தை மறைத்துச் சிறு விதிமீறலுக்காக நிறுத்துவது செல்லுமா?

பதில்: விதிமீறல் மெய்யானால் செல்லும் என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டு ரென் வழக்குத் தீர்ப்பு, மேற்கொண்டு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் மாவட்ட மக்கள்தொகையோடு ஒப்பிட்டால்...

பதில்: முதல் பதில். மூன்றாவது முறையாக இதைக் கேட்கிறார்கள்.

கேள்வி: சட்டம் மாறினால் பாரபட்சம் குறையுமா?

பதில்: கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கொலராடோவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் எல்லா இனத்தாரிடமும் சோதனைகள் குறைந்தன, இனங்களுக்கிடையிலான இடைவெளி மறையவில்லை.